ஆளில்லாமல் பாடிய ஒப்பாரி

எனக்குப் பிறவியிலேயே பயம் ஜாஸ்தி. கரண்ட் போனால் பயம். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். ஆனாலும் பாட்டைக் கேட்டுப் பயப்பட முடியும் என்று சிங்கம்மா எங்கள் வீட்டுக்குக் குடிவரும்வரை எனக்குத் தெரியாது.

சிங்கம்மா அவளுடைய நிஜப் பெயர் இல்லை. கணவர் சிங். தெரு அவரைச் சிங்கு என்றது, அவள் சிங்கம்மா ஆகிவிட்டாள். அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. காய்கறி வண்டிக்காரன் கூப்பிட்டால் பின்கட்டிலிருந்து "இன்னாபா" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். தமிழை அவள் கற்றதே காய்கறி வண்டியிலும் எங்கள் அம்மாவிடமும்தான். அதனால் அவள் பேசினால் பஞ்சாபிலிருந்து வந்தவள் பேசுகிற மாதிரி இருக்காது, எங்கள் சுங்குவார்சத்திரத்தில் பிறந்து பாதியில் மறந்துபோனவள் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு. நிலம் கம்பெனிக்குப் போன பிறகு அப்பா கொல்லைப்பக்கம் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். அதில் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் இருந்தார்கள். நானும் அவர்களும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில்தான் லைனில் நின்றோம். கடைசிப் போர்ஷன் சிங்கம்மாவுடையது. சிங்கு அண்ணன் ஒரகடத்திலிருந்து புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் நீள ட்ரெயிலர் ஓட்டினார். போனால் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும். பஞ்சாப் டிரைவர்கள் யாரும் பெண்டாட்டியைக் கூட்டிவருவதில்லை. இவர் மட்டும் ஏன் கூட்டிவந்தார் என்று அம்மா கேட்டதற்கு, "இவ பாட்டு இல்லன்னா எனக்கு வண்டி ஓடாதுமா" என்று சிரித்தாராம். அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆம்பிளை அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்சி.

சிங்கம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த சாமானில் முக்கியமானது ஒரு டோலக். அதைத் தரையில் போட்டு முழங்காலால் அமுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் தட்டுவாள். எதிரே இன்னொருத்தி உட்கார்ந்து அதன் மரத்தில் கரண்டியால் தட்ட வேண்டும். அது இல்லாமல் அவளுக்குப் பாட்டு வராது. அந்தக் கரண்டி உத்தியோகம் எனக்கு. செகண்ட் ஷிப்ட் வாரங்களில் காலையில் நான் வீட்டில் இருந்தால் விடமாட்டாள். மற்ற பெண்களும் வந்துவிட்டால் அவர்களை வட்டமாக நிற்கவைத்துக் கைதட்டச் சொல்லுவாள். அவள் ஒரு வரி சொன்னால் கடைசித் துண்டை எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருத்தி தனியாகப் பாடுவது அவர்கள் ஊரில் பாட்டே இல்லையாம், வெறும் புலம்பல்தானாம். பேச்சியம்மாள் என்று ஒரு திருநெல்வேலிப் பெண், அர்த்தம் ஒரு எழுத்துத் தெரியாமல் அவ்வளவு அழகாகத் திருப்பிச் சொல்லுவாள். பாடி முடிந்ததும் மூச்சு வாங்க, "யக்கா, இப்ப நாம யாரத் திட்டுனோம்?" என்று கேட்பாள். பெரும்பாலும் மாமியாரைத்தான்.

இவ்வளவு பாட்டு கையில் இருந்தும் எந்தப் பாட்டையும் அதன் வேளை தப்பிப் பாடமாட்டாள். அதில் அவள் சரியான பிடிவாதக்காரி. மாவு பிசைய ஒன்று, புருஷன் கிளம்பிப் போன அன்றைக்கு ஒன்று, வந்த அன்றைக்கு ஒன்று. நம் ஆடி மாதத்தை ஒட்டி அவர்களுக்கு ஒரு மழை மாதம் உண்டு. அப்போது கல்யாணமான பெண்கள் தாய்வீடு போய், மரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடிப் பாடுவார்களாம். அந்தப் பாட்டைக் கேட்க எங்களுக்கெல்லாம் ஆசை. எங்கள் வேப்பமரத்தில் ஊஞ்சலும் கட்டிக் கொடுத்தோம். ஆடியில் இங்கே காற்றும் புழுதியும்தான். மழை இல்லாமல் பாடமாட்டேன் என்றுவிட்டாள். ஐப்பசியில் அடைமழை கொட்டியபோது போய் நின்றோம். "மழை கீது, மாசம் இல்லயே" என்று கையை விரித்தாள். கடைசிவரை அந்தப் பாட்டை நாங்கள் கேட்கவே இல்லை.

எங்கள் அண்ணன் கல்யாணத்தில் அவள் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். நலங்குக்குப் பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சிங்கம்மா டோலக்கோடு நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்து, பெண்ணின் அத்தையைப் பார்த்துக் கைநீட்டி ஒரு பாட்டுப் பாடினாள். என்ன குரல், என்ன சிரிப்பு. அந்த அம்மாளும் பெருமையாகத் தலையாட்டினார். சிங்கு அண்ணன் மட்டும் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நான் போய் நச்சரித்த பிறகு காதோடு சொன்னார்: "அந்த அத்தைக்கு மீசை கீதாம், கல்யாணப் பந்தியில லட்ட ஜாக்கெட்டுக்குள்ள மறச்சிக்கினாங்களாம்." கல்யாணம் நின்றுபோனால்?

சம்பந்தி வீட்டைத் திட்டிப் பாடுவது அவர்கள் ஊரில் மங்கலம். பதிலுக்கு அவர்களும் திட்ட வேண்டும். இவர்கள் ஒன்றும் சொல்லாமல் வெறுமனே தலையாட்டியதில் சிங்கம்மாவுக்கு ஒரே ஏமாற்றம். மறுநாள் நான் விளையாட்டாக அந்தப் பாட்டை முணுமுணுத்தேன். "நேத்து அது பாட்டு. இன்னிக்குப் பாடினா சண்டை" என்று முறைத்தாள்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்த காலம். பெரியப்பா செத்த அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

பெரியப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். சிங்கம்மா வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, தலைமாட்டில் நின்றபடியே ஆரம்பித்தாள். தொடையிலும் மார்பிலும் மாறி மாறி அறைந்துகொண்டு ஒரே தாளத்தில் போனது அது. எங்கள் பெண்கள் வாயடைத்துப் போனார்கள். பிறகு அவர்களும் அதே தாளத்தில் மாரில் அடிக்க ஆரம்பித்தார்கள். மொழி தெரியாதே தவிர, வேலை தெரியும் அல்லவா.

அவள் பெரியப்பாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி என்பது ராகத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் நிறுத்துவாள். பதிலுக்குக் காத்திருப்பாள். அந்தச் சின்ன இடைவெளியில் கூடமே மூச்சை அடக்கிக்கொண்டு பெரியப்பாவின் வாயைப் பார்க்கும். பதில் வராது. உடனே எல்லாக் கைகளும் மார்பில் விழும். நான் அந்த இடைவெளிக்குத்தான் பயந்தேன். எந்த நிமிஷமும் பதில் வந்துவிடும் போல இருந்தது.

"பொணத்தப் பாத்ததும் சாமி வந்த மாரி ஆயிட்டா பாத்தியா" என்று அம்மா அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த ராகம் என்னை விடவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து, பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சிங்கம்மா சோப்புக் கையோடு என் வாயைப் பொத்தினாள். பல்லில் எல்லாம் சோப்பு. அவள் முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பாப்பா, இத மட்டும் பாடாத. ஆளு முன்னால படுத்துக்கினு இருந்தாத்தான் பாடணும். ஆளு இல்லாம பாடினா, பாட்டு ஆளத் தேடிக்கினு போவும்."

அன்றிலிருந்து அந்த ராகம் மனசுக்குள் வந்தால்கூட உடனே வேறு எதையாவது யோசித்துக்கொள்வேன்.

அடுத்த வருஷம், சித்திரை வெயிலில், சிங்கு அண்ணனிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. நாக்பூர் தாண்டிவிட்டேன் என்று சொன்னதுதான் கடைசி. பிறகு போட்டால் ஸ்விட்ச் ஆப். முதலில் சார்ஜ் இருக்காது என்றோம். பிறகு டவர் இருக்காது என்றோம். அப்புறம் அவள் எதிரே போவதையே குறைத்துக்கொண்டோம். எங்கள் அண்ணன் டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போய்க் கேட்டான். ட்ரெயிலர் இன்னொரு லாரியோடு மோதி எரிந்துவிட்டது, டிரைவரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை என்றார்கள். அவர்களிடம் இருந்த வீட்டு நம்பர் பஞ்சாபில் அவர் அம்மாவுடையது. அங்கே ஏற்கெனவே பேசிவிட்டார்களாம். என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று தெரியாது. இந்தி தெரிந்த ஒருவர் சொல்லி, அழுதுகொண்டே யாரோ கேட்டிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சிங்கம்மாவின் போர்ஷனிலிருந்து ஒரு அலறல். ஓடினேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பஞ்சாபிலிருந்து அவள் நாத்தனார். என்னைப் பார்த்ததும் போனை என் கையில் திணித்தாள்.

"பாடறாங்க பாப்பா! ஆளு இல்லாம பாடறாங்க! நிறுத்தச் சொல்லு!"

நான் போனைக் காதில் வைத்தேன். முதலில் யாரோ விசும்புவது கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், பொத் பொத்தென்று தாளம். எத்தனை கைகளோ. நடுவில் ஒரு கிழக்குரல் கேள்வி கேட்டது. எனக்கு அந்த ராகம் தெரியும். கேள்வி முடிந்தது. அங்கே இருந்த எல்லாரும் பதிலுக்காக நிறுத்தினார்கள். நான் அந்த நேரம் பார்த்து "ஹலோ" என்றேன்.

சொல்லிவிட்ட பிறகுதான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. அந்தப் பக்கம் மறுபடியும் கைகள் மார்பில் விழுந்தன. நான் போனைக் கட்டிலில் போட்டுவிட்டேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

சிங்கு போய்விட்டார் என்றே தெருவில் செய்தி பரவிவிட்டது. சாயங்காலம் பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். பெரியப்பா சாவுக்கு அவள் வந்து நின்றாளே, அந்தக் கடன் தீர வேண்டாமா? சிங்கம்மா கதவை அடைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள்.

"எங்க வூட்ல சாவு இல்ல. யாரும் ஆரம்பிக்காதீங்க."

"அழுதுடும்மா. அழுதா பாரம் கொறையும்" என்றாள் அம்மா.

"அழுவேன். பாட மாட்டேன்."

அப்படியே அழுதாள். சத்தம் வராமல் கண்ணீர் மட்டும் வழிந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கொண்டையை முடிந்துகொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவள் போர்ஷனிலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூடக் கேட்கவில்லை. மாவு பிசைந்தாள், பாட்டு இல்லை. துணி துவைத்தாள், பாட்டு இல்லை. ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் அவள் கதவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

ஒருநாள் போன் வந்தது. அந்த ரோட்டில் ஓடும் இன்னொரு பஞ்சாபி டிரைவர், சிங்கு அண்ணனின் சிநேகிதர், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடி அவரைக் கண்டுபிடித்துவிட்டார். மோதியபோது வெளியே தூக்கி எறியப்பட்டிருக்கிறார். போன் வண்டியோடு எரிந்துவிட்டது. நினைவு தப்பிக் கிடந்ததால் பேர்கூடச் சொல்ல ஆள் இல்லை. இப்போது பேசுகிறார். போனில் அவரே பேசினார். அம்மா கற்பூரம் எடுக்க உள்ளே ஓடினாள். பேச்சியம்மாள் கைதட்டிக் குதித்தாள். நான் அழுதேன்.

சிங்கம்மா போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"பாடிட்டாங்களே பாப்பா" என்றாள்.

உயிரோடு இருப்பவனை நினைத்து இவ்வளவு பயந்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்த இடைவெளியை நான் போனில் கேட்டவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கணக்கு நேரானது. ஒப்பாரி பாடியாகிவிட்டது என்றால் அந்த ஆள் செத்தவன். செத்தவன் படி ஏறி வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் பாட்டும் பின்னாலேயே வரும்.

"அப்ப அண்ணன் எங்கதான் போவாரு?" என்றேன்.

"மாப்ள வரலாம்" என்றாள். "மாப்ளய யாரும் தடுக்க முடியாது."

அவர்கள் ஊரில் மாப்பிள்ளையைப் பெண்குதிரை மேல் ஏற்றி, முகத்தை மறைத்துப் பூச்சரம் தொங்கவிட்டு, பெண்கள் அந்தக் குதிரையைப் பற்றிப் பாடிக்கொண்டே நடப்பார்கள். கல்யாண வீட்டில் மட்டும் பாடும் பாட்டு அது. தன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிங்கம்மா ஒரு பாட்டின் வேளையைத் தானே உண்டாக்கப் பார்த்தாள். எங்களுக்கெல்லாம் மூன்று வேளையும் பயிற்சி.

"யக்கா, எங்கூர்லன்னா ஆரத்திய எடுத்து உள்ள விட்டுருவோம்லா" என்றாள் பேச்சியம்மாள்.

"உங்க ஊர்ல ஆளு இல்லாம பாடுவாங்களா?"

பேச்சியம்மாள் எழுந்து வட்டத்தில் போய் நின்றாள்.

சென்ட்ரலில் இறங்கியவரை எங்கள் அண்ணன் தெரிந்தவனின் ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்தான். நல்ல உச்சி வெயில். தெருமுனையிலேயே சிங்கம்மா வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டாள். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு காலில் தொடைவரை மாவுக்கட்டு. தையல் போடுவதற்காகத் தலைமுடியை வெட்டியிருந்தார்கள், தலைப்பாகைக்குப் பதில் ஒரு ஆஸ்பத்திரித் துண்டு. சிங்கம்மா அதை அவிழ்த்து எறிந்துவிட்டு, தன் சிவப்புத் துப்பட்டாவைக் கிழித்துத் தலைப்பாகையாகக் கட்டினாள். பெண்கள் மல்லிச்சரங்களை அதிலிருந்து முகத்தின் மேல் தொங்கவிட்டார்கள். குதிரைக்கு மரியாதையாக ஊறவைத்த கடலைப்பருப்பு ஊட்ட வேண்டுமாம். முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு தட்டில் வைத்தாள்.

"இன்னாமா இது, வண்டிக்குச் சுண்டலா?" என்று டிரைவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

டோலக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். ஆட்டோ நடை வேகத்தில் உருண்டது. நான் கரண்டியால் தட்டினேன். பெண்கள் திருப்பிப் பாடினார்கள். குரல் உடைந்தும் விடாமல் பாடினாள். தெரு முழுக்க வாசலில் வந்து நின்றது. தலை அவிழ்த்துக்கொண்டு வந்த அதே பெண்கள் எதுவும் புரியாமல் குலவை போட்டார்கள். சிங்கு அண்ணன் முதலில் வெட்கப்பட்டார், பிறகு வலியில் முனகினார், வீடு நெருங்கும்போது பூவுக்குப் பின்னால் அழுதார்.

வாசலில் இறக்கி, இரண்டு கட்டைகளை அக்குளில் கொடுத்து நிறுத்தினோம். சிங்கம்மா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆரத்தி போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் தலையைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள். சுற்றி முடித்துச் சொம்பை வாய்க்குக் கொண்டுபோனாள்.

சிங்கு அண்ணன் அவர் பாஷையில் பெரிதாகக் கத்தினார். கையை நீட்டி அவளைப் பிடிக்கப் பார்த்தார். கட்டை நழுவியது. அண்ணனும் நானும் பாய்ந்து அவரைத் தாங்கிப் பிடித்தோம். பிடித்து நிறுத்துவதற்குள் அவள் அந்தச் சொம்பை அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டாள். துடைத்த வாயோடு, "இப்ப உள்ள வா" என்றாள்.

என்ன நடந்தது என்று எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது. கட்டிலில் படுத்தபடி அவரே சொன்னார். மாப்பிள்ளை தன் வீட்டுக்குத் திரும்பி வரும்போது அவன் அம்மா தண்ணீர் சுற்றுவாள். அவன் மேல் இருக்கும் கெட்டதெல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கும். அதை அவள் குடிக்கப் போவாள். மகன் அவள் கையை எட்டிப் பிடித்துத் தடுக்க வேண்டும். தடுத்துத் தடுத்துக் கடைசியில் பேருக்கு ஒரு மடக்கு விடுவான். அது ஒரு விளையாட்டு, எல்லாரும் சிரிப்பார்கள். "என்னால அவ கையப் புடிக்க முடியல தங்கச்சி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் போய்ச் சிங்கம்மாவிடம் கேட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள், பாட்டோடு.

"அவங்க அம்மா இங்க இல்லயே பாப்பா. யாராச்சும் குடிக்கணும்ல."

"உங்களுக்கு பயமா இல்லயாக்கா?"

"இருந்திச்சு. இப்ப இல்ல."

உண்மைதான், அன்றோடு அவளை விட்டுப் பயம் போய்விட்டது. கால் சரியானதும் சிங்கு அண்ணன் வெளியூர் ஓட்டுவதை விட்டுவிட்டு ஒரகடம் யார்டுக்குள்ளேயே வண்டி நகர்த்தும் வேலைக்கு மாறிக்கொண்டார். அவர்கள் அங்கே குடியிருந்த மிச்ச வருஷங்களில் அவள் முன்னைவிட உரக்கப் பாடினாள், முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள், கொஞ்சம் சதைகூடப் போட்டாள். ஒரு தலைவலி என்று படுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் பாட்டுக்கு நடுவில் தொண்டை காய்ந்து, எட்டித் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாள் என்றால், சிங்கு அண்ணன் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிடுவார். அவள் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைக்கும்வரை வேறு பக்கம் பார்ப்பார். நானும்தான்.